பெர்லினில் வீடு தேடும் வேலையைப் பழைய லேப்டாப்பிடம் விடுவது எப்படி

பெர்லினில் வேலை கிடைத்து வந்து இறங்குபவர்களுக்கு விசா, வங்கிக் கணக்கு எல்லாம் எப்படியாவது முடிந்துவிடும். இழுத்தடிப்பது வாடகை வீடுதான். காலையில் ஏறிய விளம்பரத்தை மதியச் சாப்பாடு முடித்துத் திறந்தால் அது எடுக்கப்பட்டிருக்கும். அதற்குள் உரிமையாளருக்குக் கடிதங்கள் குவிந்து, முன்னால் வந்தவற்றில் சிலரைக் கூப்பிட்டுவிட்டு அவர் கடையைச் சாத்தியிருப்பார். அலுவலக வேலையையும் பார்த்துக்கொண்டு ஐந்து தளங்களை நாள் முழுக்கத் திறந்து திறந்து பார்ப்பது நடக்கிற காரியமில்லை.

எனக்கும் அதில் பல வாரங்கள் வீணாயின. பிறகு தேடும் வேலையை வீட்டு மூலையில் சும்மா கிடந்த ஒரு லேப்டாப்பிடம் ஒப்படைத்தேன். அதை எப்படிச் செய்வது, என்ன செலவு, எங்கே சிக்கும் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். டாக்கர் (மென்பொருள்களைத் தனித்தனிக் கண்டெய்னர்களில் அடைத்து ஓட்டும் கருவி) என்ற பெயரைக் கேள்விப்பட்டிருந்து, லினக்ஸில் நாலு கட்டளை அடிக்கத் தெரிந்தால் போதும். ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம்.

இந்தக் கருவி புது விளம்பரங்களைச் சேகரிக்கும், உங்களுக்கு ஒத்துவராதவற்றை ஒதுக்கும், மிச்சத்தைத் தயார்க் கடிதத்தோடு உங்கள் போனுக்கு அனுப்பும். விண்ணப்பத்தை அனுப்பும் பொத்தானை மட்டும் அது தொடாது. அதற்கான காரணம் 8ஆம் படியில் இருக்கிறது.

1. முதலில் காகிதம், அப்புறம்தான் கணினி

கருவி எவ்வளவு வேகமாகச் சொன்னாலும், வீடு பார்க்கப் போன இடத்தில் காகிதத்தை எடுத்து நீட்ட முடியாவிட்டால் பயனில்லை. ஆகவே நிரல் எழுத உட்காருவதற்கு முன்னால் இவற்றைச் சேர்த்துவிடுங்கள்.

கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு. புதிதாகச் சேர்ந்தவர்களிடம் அது இருக்காது. வேலை ஒப்பந்தமும், சேர்ந்த தேதியையும் மாதச் சம்பளத்தையும் குறிப்பிட்டு அலுவலகம் தரும் ஒரு கடிதமும் போதும். வேலையில் தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லையே என்று சில உரிமையாளர்கள் முகம் சுளிப்பார்கள், அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது.

ஷுஃபா. இது உங்கள் கடன் நடத்தை பற்றிய சான்று. இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஷுஃபா நிறுவனத்திடமிருந்து இரண்டு விதமான தாள்கள் வாங்கலாம். ஒன்று இலவசம்: உங்களைப் பற்றி அவர்களிடம் உள்ள எல்லாத் தகவலின் நகல். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி அதைக் கேட்பது உங்கள் உரிமை. ஆனால் தபாலில் வரச் சில வாரம் ஆகலாம், அதில் உங்கள் வங்கிக் கணக்கு, கிரெடிட் கார்டு விவரமெல்லாம் அப்பட்டமாக இருக்கும். அது உங்கள் கண்ணுக்கான தாள், வீட்டுக்காரரிடம் கொடுப்பதற்கானது அல்ல. இன்னொன்று ஏறத்தாழ 30 யூரோ கொடுத்து வாங்கும் சான்றிதழ். அதில் வீட்டுக்காரருக்குத் தேவையானது மட்டும் தனிப் பக்கமாக இருக்கும், இணையத்தில் உடனே கிடைக்கும். அவசரமென்றால் இதையே வாங்குங்கள். ஊருக்குப் புதியவர் என்றால் ஷுஃபாவிடம் உங்களைப் பற்றி எதுவுமே இருக்காது. பரவாயில்லை, 'பாதகமான தகவல் இல்லை' என்று வந்தாலே போதும்.

முந்தைய வீட்டில் வாடகை பாக்கி இல்லை என்ற சான்று. இதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று பழைய வீட்டுக்காரரை வற்புறுத்த முடியாது. 2009இல் ஜெர்மன் உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. கிடைக்காவிட்டால், வாடகை போன வங்கிப் பதிவுகளில் மற்ற வரிகளைக் கறுப்படித்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு, உங்களைப் பற்றி நீங்களே நிரப்பும் ஒரு படிவம்: பெயர், வேலை, நிகர வருமானம், எத்தனை பேர் குடியேறுவீர்கள், வளர்ப்புப் பிராணி உண்டா. கடவுச்சீட்டு, குடியிருப்பு அனுமதி அட்டை இரண்டின் நகலும் கைவசம் இருக்கட்டும், ஆனால் கோப்பில் சேர்க்காதீர்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருப்பவர்களும், அப்பா பெயரை அங்கே போட்டிருப்பவர்களும் நம்மில் அதிகம். சம்பளச் சீட்டு, ஷுஃபா, விண்ணப்பம் மூன்றிலும் பெயர் ஒரே வரிசையில் வருகிறதா என்று பாருங்கள். ஒன்றில் அப்பா பெயர் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால், படிக்கும் ஜெர்மன்காரர் இரண்டு ஆட்கள் என்றே நினைப்பார்.

எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக்குங்கள். அதற்கு ஸ்டெர்லிங் பிடிஎஃப் என்ற திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. உங்கள் கணினியிலேயே ஓடும், இணைக்கும், சுருக்கும், பக்கத்தின் குறுக்கே எழுத்து பதிக்கும். எங்கோ இருக்கும் இலவச இணையத்தளத்தில் சம்பளச் சீட்டை ஏற்ற வேண்டிய தேவை இருக்காது.

2. எந்த எண்ணுக்குத் தேடுவது

வாடகை இங்கே இரண்டு விதம். கால்ட்மீட்டே என்பது வெறும் வாடகை. அதோடு தண்ணீர், குப்பை, கட்டடப் பராமரிப்பு, பெரும்பாலும் வெப்பமூட்டலும் சேர்ந்தால் வார்ம்மீட்டே. மின்சாரமும் இணையமும் இரண்டிலும் சேராது. தேடலில் கால்ட், பட்ஜெட்டில் வார்ம் என்று மனதில் வைத்துக்கொண்டால் கணக்கு உதைக்கும். உங்கள் நிகரச் சம்பளம் கால்ட்மீட்டேயைப் போல மூன்று மடங்கு இருக்கிறதா என்று நிறைய உரிமையாளர்கள் பார்ப்பார்கள். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும் வீடுகளை வடிகட்டியிலேயே கழித்துவிடுங்கள்.

அறை எண்ணும் விதமும் வேறு. இரண்டறை வீடு என்றால் ஒரு படுக்கையறை, ஒரு வரவேற்பறை. நம் ஊரில் ஒரு பெட்ரூம் வீடு என்கிறோமே, அது. சமையலறையும் குளியலறையும் கணக்கில் வராது. சமையலறை என்று விளம்பரத்தில் இருந்தாலும் உள்ளே அடுப்பு, கழுவுதொட்டி, அலமாரி ஒன்றுமே இல்லாமல் சுவரில் இரண்டு குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கலாம். எல்லாம் பொருத்தியிருந்தால் 'ஈபேகா' என்ற மூன்றெழுத்துச் சுருக்கம் இருக்கும். இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கில் கூடுதல் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் அதிகபட்சம் மூன்று மாதக் கால்ட்மீட்டே. சட்டம் அதற்கு மேல் அனுமதிப்பதில்லை. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது ஒன்றுதான் ஆறுதல்.

3. கணினியைத் தயார் செய்யுங்கள்

பழைய லேப்டாப், ராஸ்பெரி பை, மாத வாடகைக்குக் கிடைக்கும் சர்வர் மூன்றில் எதுவும் சரி. ராஸ்பெரி பை சுமார் 5 வாட் இழுக்கும். வருடம் முழுக்க ஓடினாலும் 44 யூனிட்தான், இங்கத்திய மின்கட்டணத்தில் 15 யூரோவை ஒட்டி வரும். வாடகை சர்வர் மாதம் சில யூரோ. என் ஓட்டு வீட்டிலேயே இருக்கும் பொருளுக்குத்தான். சம்பளச் சீட்டும் கடவுச்சீட்டு நகலும் அதில் கிடக்கப்போகின்றன.

லேப்டாப்பில் உபுண்டு போட்டு, அதன்மேல் டாக்கரை நிறுவுங்கள். இரண்டு இடத்தில் கவனம் தேவை. மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கிவிடும். சிஸ்டம்டியின் லாகின்டி அமைப்புக் கோப்பில், மூடி மூடப்பட்டால் ஒன்றும் செய்யாதே என்று மாற்ற வேண்டும். அடுத்து, ஒவ்வொரு டாக்கர் கண்டெய்னருக்கும் 'நானாக நிறுத்தாதவரை தானே மறுபடி கிளம்பு' என்ற மறுதொடக்க விதியைக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒருமுறை மின்சாரம் போய் வந்ததும் எல்லாம் அமைதியாகிவிடும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

வேலைகளைக் கோத்து ஓட்ட என்-எய்ட்-என் என்ற மென்பொருளை எடுத்துக்கொண்டேன். அதை உருவாக்கும் நிறுவனமும் பெர்லின்தான். சொந்த உபயோகத்துக்கு உங்கள் கணினியில் நிறுவிக்கொள்ள இலவசம். பெட்டிகளை இழுத்துப் போட்டு அம்புக்குறியால் இணைப்பதுதான் வேலை; அப்படி இணைத்த தொடரை 'ஓட்டம்' என்கிறேன். தேவைப்பட்ட இடத்தில் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் எழுதலாம். பைத்தானில் எழுதிப் பழகியவர்கள் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஐமேப் (அஞ்சல் பெட்டியைப் படிக்கும் முறை), எஸ்க்யூலைட் (சின்னத் தரவுத்தளம்) இரண்டுக்கும் தேவையான நூலகங்கள் பைத்தானோடு கூடவே வருகின்றன. ஃப்ளாட்ஹன்டர் என்று இதற்கென்றே எழுதப்பட்ட திறந்த மூலத் திட்டமும் இருக்கிறது. அது விளம்பரத் தளங்களின் பக்கங்களை நேரடியாக வாசிக்கும். நான் ஏன் அந்த வழியில் போகவில்லை என்பதை அடுத்த படியில் சொல்கிறேன்.

என்-எய்ட்-என் 5678ஆம் போர்ட்டில் ஓடும். லேப்டாப்பில் நிறுவிவிட்டு வேறு கணினியின் உலாவியிலிருந்து திறந்தால், பாதுகாப்பான குக்கி பற்றி ஒரு எச்சரிக்கை வந்து உள்ளே விடாது. வீட்டு வலைக்குள் மட்டும் பயன்படுத்துவதாக இருந்தால் 'செக்யூர் குக்கி' அமைப்பை அணைத்துவிடலாம். அந்த போர்ட்டை மட்டும் ரவுட்டரில் வெளியுலகத்துக்குத் திறந்துவிடாதீர்கள். வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் வயர்கார்ட் என்ற விபிஎன் போதும். ஃப்ரிட்ஸ்பாக்ஸ் ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு மென்பொருள் 7.50 பதிப்பிலிருந்து அது உள்ளேயே இருக்கிறது.

4. தளத்தைத் துருவாதீர்கள், மின்னஞ்சலைப் படியுங்கள்

கருவி கட்ட நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கை வைப்பது விளம்பரத் தளத்தின் பக்கத்தில்தான். நிரலை விட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்தை வாசிக்க வைப்பார்கள். இம்மோஸ்கவுட் போன்ற பெரிய தளங்கள் விதிமுறையிலேயே இதைத் தடுத்திருக்கின்றன. ரோபோவா மனிதரா என்று சோதிக்கும் புதிர்கள் வரும், அவற்றை அவிழ்க்க இன்னொரு சேவைக்குக் காசு கட்ட வேண்டும், பக்கத்தின் வடிவம் மாறினால் நிரல் படுத்துவிடும். எல்லாவற்றையும் விட மோசம், உங்கள் கணக்கு முடக்கப்படுவது. வீடு தேடும் நேரத்தில் அந்தக் கணக்கு போனால் எதை வைத்து விண்ணப்பிப்பீர்கள்?

அந்தத் தளங்களே புது விளம்பரம் வந்ததும் மின்னஞ்சல் அனுப்பத் தயாராக இருக்கின்றன. அதை வாங்கிக்கொள்வதில் எந்த விதியும் மீறப்படுவதில்லை.

வீடு தேடுவதற்கென்றே ஒரு தனி மின்னஞ்சல் முகவரி தொடங்குங்கள். இம்மோஸ்கவுட், இம்மோவெல்ட், கிளைன்அன்ட்சைகன், வேகே-கெஸூக்ட் நான்கிலும் அந்த முகவரியில் கணக்கு திறந்து, தேடலைச் சேமித்து, அறிவிப்பை 'உடனுக்குடன்' என்று வையுங்கள். சிலவற்றில் 'தினமும் ஒருமுறை' என்பதே இயல்பாக இருக்கும். அதை மாற்றாமல் விட்டால் இந்தக் கட்டுரையின் மிச்சம் வீண்.

சேமிக்கும் தேடல் அகலமாக இருக்கட்டும். தளத்தில் விலை, பரப்பு, ஊர் மூன்றை மட்டும் கொடுங்கள். 'சமையலறை உண்டு', 'பால்கனி உண்டு' என்றெல்லாம் தளத்தின் வடிகட்டியில் டிக் அடித்தால், விளம்பரம் போட்டவர் அந்தக் கட்டத்தை நிரப்ப மறந்த நல்ல வீடுகளும் போய்விடும். நுணுக்கமான வடிகட்டலை நம் கருவி பார்த்துக்கொள்ளும்.

ஜிமெயில் பயன்படுத்தினால் வழக்கமான கடவுச்சொல்லை வைத்து என்-எய்ட்-என் உள்ளே போக முடியாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 'ஆப் பாஸ்வேர்டு' ஒன்று உருவாக்கி அதைக் கொடுக்க வேண்டும்.

கட்டணச் சந்தா எடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். சில விளம்பரங்கள் சந்தாதாரர்களுக்கு முதலில் தெரியும், அது உண்மை. தீவிரமாகத் தேடும் மாதங்களில் எடுப்பதில் தவறில்லை. எடுத்த அன்றைக்கே ரத்தும் செய்துவிடுங்கள்; கட்டிய காலம் வரை ஓடும், தானாக நீளாது.

5. வடிகட்டி

வேலையின் பெரும்பங்கு இங்கேதான். என்-எய்ட்-என்னில் ஐமேப் பெட்டியை முதலில் வையுங்கள்; அஞ்சல் வந்ததும் அது மற்ற பெட்டிகளைக் கிளப்பும். அந்த இணைப்பு சில நேரம் சத்தமில்லாமல் அறுந்துபோகும். 'இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி இணை' என்ற விருப்பம் பெட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள்.

அடுத்த பெட்டி அஞ்சலைப் பிரித்து விலை, பரப்பு, அறை, இடம், தலைப்பு, இணைப்பு ஆகியவற்றை எடுக்கும். அனுப்புநரைப் பார்த்து, தளத்துக்கு ஒரு சிறு நிரல். இங்கே ஒரு பொறி. ஜெர்மனியில் ஆயிரத்துக்குப் புள்ளி, சதத்துக்குக் காற்புள்ளி. 1.250,00 என்று இருப்பது ஆயிரத்து இருநூற்றைம்பது யூரோ. அப்படியே எண்ணாக மாற்றினால் நிரலுக்கு அது ஒன்றேகால் யூரோ. பட்ஜெட்டை மீறிய வீடுகள் எல்லாம் வடிகட்டியைத் தாண்டி, அடிமாட்டு விலைக்கு வந்ததுபோல உங்கள் போனில் வரிசையாக விழும். முதலில் புள்ளிகளை நீக்கி, பிறகு காற்புள்ளியைப் புள்ளியாக்கி, அப்புறம் எண்ணாக்குங்கள்.

அடுத்து, ஒரே வீடு இரண்டு முறை வராமல் தடுப்பது. அஞ்சலில் உள்ள இணைப்புகள் பெரும்பாலும் கண்காணிப்பு இணைப்புகள், ஒரே வீட்டுக்கு ஒவ்வொரு அஞ்சலிலும் வேறு மாதிரி இருக்கும். அவற்றை வைத்து ஒப்பிடாதீர்கள். கால்ட்மீட்டே, சதுர மீட்டர், அஞ்சல் எண் மூன்றையும் ஒட்டி ஒரு அடையாளம் உருவாக்குங்கள். இரண்டு தளங்களில் ஒரே வீட்டைப் போட்டிருந்தாலும் இது பிடித்துவிடும். முன்பு பார்த்த அடையாளங்களை நினைவில் வைத்து ஒதுக்கும் பெட்டி என்-எய்ட்-என்னில் தயாராகவே இருக்கிறது.

அதன்பின் சொல் வடிகட்டி. தலைப்பில் இவை இருந்தால் கவனம்: வேபேஎஸ் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுச் சான்று, அது இல்லாமல் அந்த வீடு கிடைக்காது), தௌஷ் (வீட்டுக்கு வீடு மாற்று, உங்களிடம் கொடுக்க வீடு இருந்தால்தான்), பெஃப்ரிஸ்டெட் (குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும்), ஸ்விஷன்மீட்டே (உரியவர் ஊரில் இல்லாத சில மாதங்களுக்கு), ஸூக்கே (இவரே வீடு தேடுகிறவர்!).

ஆனால் இந்தச் சொற்களைக் கண்டதும் அழித்துவிடும்படி எழுதாதீர்கள். 'வேபேஎஸ் தேவையில்லை', 'தௌஷ் இல்லை' என்று எழுதியிருக்கும் வீடுகள்தான் நமக்கு வேண்டியவை, அவற்றிலும் அதே சொல் இருக்கிறது. சொல்லுக்கு முன்னால் 'கைன்', 'ஓனெ' போன்ற மறுப்புச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமானால் அழிக்காமல், அறிவிப்பில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பச் சொல்லுங்கள். பார்த்துத் தள்ள உங்களுக்கு இரண்டு நொடி ஆகும்.

இடத்துக்கு அஞ்சல் எண் பட்டியலே போதும். பெர்லின் எண்கள் 10, 12, 13, 14 என்று தொடங்கும் ஐந்து இலக்கங்கள். அலுவலகத்திலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் வரும் எண்களை ஒருமுறை உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். வரைபடச் சேவையை இணைத்துப் பயண நேரத்தைக் கணக்கிடுவது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பல விளம்பரங்களில் தெருப் பெயரே இருக்காது.

எல்லாம் கடந்து வந்தது டெலிகிராமுக்கு. பாட்ஃபாதர் என்ற கணக்கிடம் புது பாட் (தானியங்கிக் கணக்கு) கேட்டால் ஒரு சாவி தரும், அதை என்-எய்ட்-என்னில் கொடுத்தால் முடிந்தது. எனக்கு வரும் அறிவிப்பு இந்த மாதிரி இருக்கும்:

2 அறை, 54 ச.மீ., கால்ட் 780, வார்ம் 990, 12043, ஈபேகா உண்டு, வேபேஎஸ்?

இவ்வளவையும் பூட்டுத் திரையிலேயே படிக்க முடிய வேண்டும். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது போனைத் திறக்காமலே வேண்டும், வேண்டாம் என்று முடிவு செய்யலாம்.

அறிவிப்பில் 'விண்ணப்பி' என்று பொத்தான் வைக்கலாமே என்று தோன்றும். டெலிகிராமிலிருந்து பதில் வாங்கும் பெட்டிக்கு வெளியிலிருந்து அணுகக்கூடிய எச்டிடிபிஎஸ் முகவரி வேண்டும், வீட்டுக்குள் அடைந்திருக்கும் லேப்டாப்பில் அது கிடையாது. அந்தப் பக்கம் போய் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

இன்னும் இரண்டு காப்பு. பிரிக்க முடியாத அஞ்சல் வந்தால் அதை அப்படியே போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள், தளம் வடிவத்தை மாற்றிவிட்டது என்று அர்த்தம். தினமும் இரவு, இன்று எத்தனை அஞ்சல் படித்தேன் என்று ஒரு வரி வரட்டும். சுழியம் என்று வந்தாலோ, வரியே வராவிட்டாலோ எங்கேயோ அறுந்திருக்கிறது.

6. மாநகர வீட்டு நிறுவனங்களை விடாதீர்கள்

பெர்லின் மாநிலத்துக்குச் சொந்தமான ஆறு பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன: டெகேவோ, கெஸோபௌ, கெவோபாக், ஹோவோகே, ஷ்டாட் உண்ட் லாண்ட், வேபேஎம். இவற்றின் வாடகை தனியார் சந்தையை விடக் குறைவு. ஆறின் காலி வீடுகளும் 'இன்பெர்லின்வோனென்' என்ற பொதுத் தளத்தில் வரும். அங்கும் பதிவு செய்து மின்னஞ்சல் அறிவிப்பு வாங்கலாம். பெரும்பகுதி வேபேஎஸ் சான்று உள்ளவர்களுக்குத்தான் போகிறது. ஐடி சம்பளக்காரர்களுக்கு அந்தச் சான்று அநேகமாகக் கிடைக்காது. மிச்சமிருப்பதற்கும் போட்டி பலம்தான், ஆனால் விண்ணப்பிக்கக் காசில்லை, மோசடி பயமும் இல்லை.

மின்னஞ்சல் அறிவிப்பே இல்லாத சின்ன நிறுவனங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் இருந்தால் அவற்றின் காலி வீட்டுப் பக்கத்துக்கு 'சேஞ்ச்டிடெக்‌ஷன்' என்ற திறந்த மூல மென்பொருளை வையுங்கள். டாக்கரில் ஓடும், பக்கத்தில் எந்தப் பகுதி மாறினால் சொல்ல வேண்டும் என்று சுட்டிக்காட்டலாம். அரை மணிக்கு ஒருமுறை பார்த்தால் போதும். நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே இருப்பது அந்தச் சின்ன சர்வருக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல. பார்ப்பதற்கு முன் அந்தத் தளத்தின் விதிமுறையை ஒருமுறை படித்துவிடுங்கள்.

7. கடிதம்

ஜெர்மன் மொழியில் எழுதுங்கள், உங்களுக்குப் பேச வராவிட்டாலும். தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை கொடுத்துத் திருத்தி வாங்கிவிட்டால் அதையே அச்சாக வைத்துக்கொள்ளலாம். பத்து வரிக்கு மேல் வேண்டாம். யார், எங்கே என்ன வேலை, நிரந்தர ஒப்பந்தமா, மாத நிகர வருமானம் எவ்வளவு, எத்தனை பேர், எப்போதிலிருந்து குடியேறலாம், புகைபிடிப்பதில்லை, பிராணி இல்லை, காகிதங்கள் தயார், இந்த நேரங்களில் வந்து பார்க்க முடியும். இந்த வரிசையில் இருந்தால் படிப்பவர் தேடுவதெல்லாம் முதல் நாலு வரியிலேயே கிடைத்துவிடும். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் புதிதாக உருக்கமாக எழுத வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒரே வாடை அடிக்கும், நீளமும் அதிகம்.

அச்சில் மாறும் இடங்கள் இரண்டு மட்டும் போதும்: தெரு அல்லது பகுதியின் பெயர், தொடர்பாளர் பெயர். பெயர் அஞ்சலில் பெரும்பாலும் வராது. அந்த இடம் காலியாக 'மதிப்பிற்குரிய திருமதி ,' என்று போனால் கடிதம் குப்பைக்குத்தான். ஆகவே பெயர் இல்லாவிட்டால் 'ஸேர் கெயேர்ட்டெ டாமென் உண்ட் ஹெரென்' என்ற பொது விளி தானாக வரும்படி வையுங்கள்.

டெலிகிராமில் கடிதத்தைச் சம அகல எழுத்தில், நிரல் துண்டு போல அனுப்பினால் ஒருமுறை தொட்டதும் முழுவதும் நகலாகிவிடும். இணைப்பைத் திற, ஒட்டு, அனுப்பு. அறிவிப்பு வந்து ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிற வேலை.

8. அனுப்புவது உங்கள் விரல்தான்

அந்த ஒரு நிமிடத்தையும் கருவியிடமே விட்டால் என்ன? கணக்கு முடங்கும் ஆபத்து ஒரு பக்கம். இன்னொரு பக்கம், விளம்பரங்களில் மோசடி உண்டு. தானாக அனுப்பும் கருவி உங்கள் பெயர், போன் எண், சம்பளம் எல்லாவற்றையும் மோசடிக்காரன் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். சில உரிமையாளர்கள் விளம்பரத்தின் நடுவே 'பால்கனி எந்தப் பக்கம் என்று எழுதுங்கள்' என்பது போல ஏதாவது கேட்டு வைத்திருப்பார்கள், படித்தவர் யார் என்று பார்க்க. அதை மனிதக் கண்தான் பிடிக்கும்.

மோசடியின் முகம் எப்போதும் ஒன்றுதான். நகர மையத்தில் பளபளக்கும் வீடு, நம்ப முடியாத வாடகை, உரிமையாளர் வெளிநாட்டில், முன்பணத்தை ஏதோ ஒரு புகழ்பெற்ற தங்குமிடத் தளத்தின் 'வழியாக' கட்டினால் சாவி தபாலில் வரும். இதற்கும் வடிகட்டியில் ஒரு வரி எழுதலாம்: மாநகர நிறுவனமும் இல்லை, சதுர மீட்டருக்குக் கால்ட் 8 யூரோவுக்கும் கீழே என்றால் சிவப்புக் கொடி.

வீட்டைக் கண்ணால் பார்த்து, ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகும்வரை ஒரு சென்ட்டும் கொடுக்காதீர்கள். பார்வையிடக் கட்டணம் கேட்டால் விலகுங்கள். 2015 ஜூன் முதல், தரகரை வைத்தவர்தான் தரகுக் கூலி கொடுக்க வேண்டும். உரிமையாளர் வைத்த தரகர் உங்களிடம் கேட்க முடியாது. கடவுச்சீட்டு நகலை வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கேட்பவரிடம் நேரில் காட்டுகிறேன் என்று சொல்லுங்கள். கொடுத்தே ஆக வேண்டி வந்தால் தேதியும் 'வாடகை விண்ணப்பத்துக்கு மட்டும்' என்ற வரியும் குறுக்கே பதித்துக் கொடுங்கள்.

9. பதிவேடு

நாற்பது இடத்துக்கு எழுதியிருப்பீர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை யாரோ போன் செய்து, வேகமான ஜெர்மனில், நாளை நாலு மணிக்கு வர முடியுமா என்பார். எந்த வீடு என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. விளம்பரம் எடுக்கப்பட்டிருந்தால் படமும் விவரமும் கூடப் போயிருக்கும். அதனால் விண்ணப்பித்த உடனே விளம்பரப் பக்கத்தை பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள், ஒரு அட்டவணையில் தேதி, தெரு, வாடகை, நிலை என்று ஒரு வரி போடுங்கள். அட்டவணையில் வரி போடுவதை என்-எய்ட்-என் செய்துவிடும், 'விண்ணப்பித்தேன்' என்ற நிலையை மட்டும் நீங்கள் மாற்றினால் போதும்.

பதில் அஞ்சல்கள் தளத்தின் மறைமுகவரியிலிருந்து வரும், ஸ்பாமில் விழும் வாய்ப்பு அதிகம். அறிவிப்பு அல்லாத எந்த அஞ்சல் வந்தாலும், ஸ்பாம் உட்பட, வேறு ஒலியோடு போனுக்கு வரும்படி தனியாக ஒரு ஓட்டம் அமையுங்கள். அழைப்புக்கு அன்றே பதில் போக வேண்டும்.

10. வீடு கிடைத்த பிறகு

முதலில் சேமித்த தேடல்கள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், சந்தா ரத்தானதா என்று மறுபடி பாருங்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு, அதாவது அன்மெல்டுங் செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு உறுதித்தாள் தேவை. சாவி வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். பதிவு அலுவலகத்தில் நேரம் கிடைப்பதே இன்னொரு வேட்டை என்பதால், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அன்றே தேதி பாருங்கள்.

லேப்டாப்பில் உள்ள சம்பளச் சீட்டு, ஷுஃபா, நகல்கள் எல்லாவற்றையும் அழியுங்கள். வடிகட்டி ஓட்டத்தை மட்டும் ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளலாம், அடுத்து வரும் நண்பர் யாராவது கேட்பார். என்-எய்ட்-என் ஏற்றுமதிக் கோப்பில் கடவுச்சொற்கள் போகாது, அவற்றின் பெயர்கள் மட்டும் போகும். ஆனால் ஏதாவது பெட்டிக்குள் டெலிகிராம் சாவியையோ உங்கள் போன் எண்ணையோ கையால் தட்டி வைத்திருந்தால் அது அப்படியே போய்விடும். கடிதப் பெட்டியில் உங்கள் சம்பளமும் இருக்கும். கொடுப்பதற்கு முன் கோப்பை ஒருமுறை திறந்து, அந்த வரிகளை எடுத்துவிடுங்கள்.